ஓக்டன் பட்டறையும் தேயாத துப்பாக்கியும்

பொறியியல் மாணவர்களிடம் பெரிய கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். எடிசன், கிரகாம் பெல், ரைட் சகோதரர்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஜான் மோசஸ் பிரௌனிங் என்ற பெயர் அந்த வரிசையில் வருவது அரிது. ஆனால், இன்று பல நாடுகளில் காவலர்களும் இராணுவ வீரர்களும் இடுப்பில் செருகியிருக்கும் கைத்துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்தால், அதன் உள்ளே பெரும்பாலும் இந்த மனிதரின் சிந்தனைதான் வேலை செய்துகொண்டிருக்கும். அவர் மறைந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆன நிலையிலும் இது மாறவில்லை.

தமிழ்ப்பேரவை ஆண்டிதழில் துப்பாக்கி செய்தவரின் வாழ்க்கை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. நான் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். ஒரு பொருள் எத்தனை முறை அடிபட்டால் தேயும், எங்கே விரிசல் விடும் என்பதுதான் எங்கள் பாடங்களில் பாதி. அந்தப் பாடத்தைக் கல்லூரிப் படி ஏறாமலேயே கரைத்துக் குடித்தவர் பிரௌனிங். அது முதல் காரணம். இரண்டாவது காரணம் என் பெரியம்மா மகன். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனில் நிரந்தரவாசியாக இருக்கிறார். அவர் குடியிருப்பில் ஒரு வீட்டில் இரவில் திருடர்கள் புகுந்த பிறகு, வீட்டுப் பாதுகாப்புக்கு நெடுநாள் உழைக்கும் ஒரு முழு அளவுக் கைத்துப்பாக்கி வாங்க நினைத்தார். இயந்திரம் படிக்கிறவன் என்பதால் எது உறுதியானது என்று என்னிடம் கேட்டார். அதற்கான பதிலைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். எந்தத் துப்பாக்கியைப் பற்றிப் படித்தாலும் முடிவில் ஓக்டன் என்ற சிற்றூருக்கே வந்து சேர்ந்தேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவன் நான். அறிவியல் சொற்களைப் பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலுமே கற்றேன். ஆகவே துப்பாக்கி உறுப்புகளின் பெயர்கள் சிலவற்றை வழக்கில் உள்ளபடியே எழுதியுள்ளேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லன் வீட்டுப் பிள்ளை

பிரௌனிங்கின் தந்தை ஜோனத்தன் பிரௌனிங் 1805இல் டென்னசியில் பிறந்தவர்; தானே முயன்று துப்பாக்கித் தொழில் கற்றவர். மோர்மன் சமயத்தைத் தழுவி, இலினாய் மாநிலத்தின் நாவூ நகரில் குடியேறினார். அங்கிருந்து அச்சமயத்தார் விரட்டப்பட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டபோது, வழியில் ஐயோவா பகுதியில் தங்கிப் பயணிகளுக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தார். 1852இல் யூட்டாவின் ஓக்டன் ஊருக்கு வந்து பட்டறை போட்டார். மூன்று மனைவியர், இருபத்திரண்டு பிள்ளைகள் என்று மிகப் பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் 1855 ஜனவரியில் பிறந்தவர்தான் ஜான் மோசஸ்.

என் தந்தை லாரிப் பட்டறையில் வேலை செய்பவர். பட்டறையில் வளரும் பிள்ளை, எழுத்துக்கு முன்பே ஸ்பானர் அளவுகளைக் கற்றுக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். ஜானும் அப்படித்தான். ஆறேழு வயதிலேயே பட்டறையின் கழிவு இரும்புக் குவியல்தான் அவருடைய விளையாட்டுத் திடல். பத்து வயதில் ஒரு நாள், தந்தை இல்லாத நேரத்தில், உடைந்து கிடந்த பழைய துப்பாக்கிக் குழலை எடுத்துச் சாதாரணப் பலகை ஒன்றில் கட்டி, ஒரே நாளில் ஒரு துப்பாக்கி செய்துவிட்டார். அதற்கு விசை கிடையாது. தம்பி மேட் கனன்றுகொண்டிருக்கும் குச்சியை மருந்துத் துளையில் வைத்தால்தான் வெடிக்கும். இருவரும் காட்டுக்குப் போய் மூன்று பறவைகளைச் சுட்டுக்கொண்டு வந்தார்கள் என்று அக்குடும்பத்தினர் சொல்லி வந்தனர்.

காலை உணவுக்கு அந்தப் பறவைகள் மேசைக்கு வந்தபோது உண்மை வெளிப்பட்டது. தந்தை திட்டவில்லை. அந்தத் துப்பாக்கியை வாங்கிப் பார்த்துவிட்டு, பதினோரு வயதாகப் போகிறவனுக்கு இதைவிட நன்றாகச் செய்ய வராதா என்று மட்டும் கேட்டாராம். அடிப்பதைவிடக் கடுமையான சொல் அது. மகனோ அதையே வாழ்நாள் முழுக்கத் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார் எனலாம்.

முதல் காப்புரிமை

பதினைந்து வயதோடு பள்ளி முடிந்தது. அதற்கு மேல் கற்பிக்க அந்தச் சிற்றூர்ப் பள்ளியில் ஒன்றும் இல்லை. இதற்கிடையே 1869இல் கண்டத்தைக் கடக்கும் இரயில் பாதை ஓக்டனை எட்டியது. ஒதுங்கிக் கிடந்த ஊர் இரயில் சந்திப்பாக மாறியது. பழுது பார்க்க விதவிதமான துப்பாக்கிகள் பட்டறைக்கு வந்தன. ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது, ஏன் உடைகிறது என்பதைப் பிரௌனிங் தம் கையாலேயே கண்டார். இதைவிடச் சிறந்த பாடநூல் வேறு எது?

பழுது பார்ப்பதில் சலித்துப்போன அவர், ஒருமுறைக்கு ஒரு குண்டு சுடும் நீள்துப்பாக்கி ஒன்றை வடிவமைத்தார். நவீன இயந்திரங்கள் இல்லை. காலால் மிதிக்கும் கடைசல் இயந்திரம், உலை, உளி, அரம் இவைதான் கருவிகள். 1879 அக்டோபர் 7ஆம் நாள் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டில்தான் அவர் ரேச்சல் தெரேசா சைல்டை மணந்தார். அதே ஆண்டில்தான் தந்தையும் மறைந்தார். தம்பிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு தொழிற்கூடம் எழுப்பினார். அங்கே செய்யப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்று கை மாறி, கிழக்குக் கரையில் இருந்த வின்செஸ்டர் நிறுவனத்தின் பார்வைக்குப் போனது. அதன் துணைத் தலைவர் பென்னட், 1883இல் இரயில் ஏறி ஓக்டனுக்கு வந்தார். பெரிய ஆலையை எதிர்பார்த்து வந்தவர் கண்டது, இருபதுகளில் இருந்த சில சகோதரர்களைத்தான். 8,000 டாலருக்கு உரிமையை வாங்கிச் சென்றார்.

அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் வின்செஸ்டர் அவரிடம் 44 வடிவமைப்புகளை வாங்கியது. தயாரித்தது பத்து மட்டுமே. மற்றவை, போட்டியாளர் கைக்குப் போய்விடக்கூடாது என்பதற்காகவே வாங்கிப் பூட்டி வைக்கப்பட்டவை. தயாரித்தவற்றுள் 1894ஆம் ஆண்டு நீள்துப்பாக்கி மட்டும் காலப்போக்கில் 70 இலட்சத்துக்கு மேல் விற்றது. பிரௌனிங் வரைபடம் போட்டு வேலை செய்பவர் அல்லர். மனத்தில் முழு இயந்திரத்தையும் ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகு அட்டையிலும் தகட்டிலும் வடிவம் வெட்டி, தம்பி எட்டுடன் நேரே எஃகில் இறங்கிவிடுவார். கணினியில் வரைந்து பழகிய எங்களுக்கு இது நம்ப முடியாத வித்தையாகத் தோன்றுகிறது.

புல் அசைந்த நாள்

1887 முதல் 1889 வரை ஜார்ஜியா மாநிலத்தில் சமயப்பணிக்குச் சென்றார். திரும்பி வந்தபின், ஊர்க்காரர்களின் குறிபார்க்கும் போட்டி ஒன்றில், துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் குழலின் முனைக்கு முன்னே இருந்த புல் அசைந்து வளைவதைக் கவனித்தார். எத்தனையோ ஆயிரம் பேர் கண்ட காட்சி அது. அந்தப் புல்லை வளைத்த வாயு வீணாகப் போகிறதே, அதைக் கொண்டே அடுத்த குண்டை ஏற்ற முடியாதா என்று கேட்டவர் அவர். ஒரு தகட்டில் துளையிட்டுக் குழல் முனைக்கு எதிரே வைத்துச் சுட்டுப் பார்த்தார். கனமான இரும்பையே தூக்கி எறியும் ஆற்றல் அந்த வாயுவுக்கு இருந்தது. இந்தச் சோதனையிலிருந்து பிறந்ததுதான் 1895இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட இயந்திரத் துப்பாக்கி.

அடுத்து அவர் கைத்துப்பாக்கிக்கு வந்தார். அதுவரை பரவலாக இருந்தது சுழல் துப்பாக்கிதான். 1897 ஏப்ரல் 20ஆம் நாள் அவருக்குப் பல காப்புரிமைகள் ஒன்றாகக் கிடைத்தன. குழலின் மேல் முன்னும் பின்னும் வழுக்கி ஓடும் ஸ்லைடு என்ற எஃகு உறை அவற்றில் இருந்தது. இன்று திரைப்படத்தில் நாயகன் துப்பாக்கியின் மேற்பகுதியை டக்கென்று பின்னால் இழுக்கிறாரே, அந்தப் பகுதிதான் அது.

கைத்துப்பாக்கி உரிமையை ஐரோப்பாவுக்காகப் பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் பெற்றது. லியேஜ் நகரை ஒட்டிய எர்ஸ்டலில் அதன் ஆலை இருந்தது. 1902இல் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு, ஒரே தொகைக்குப் பதிலாக விற்பனையில் பங்கு கேட்டார் பிரௌனிங். வின்செஸ்டர் மறுத்தது. ரெமிங்டன் நிறுவனத் தலைவரைப் பார்க்கப் போனார். அவர் காத்திருந்த அன்றே அந்தத் தலைவர் மாரடைப்பால் இறந்துபோனார். பிரௌனிங் தயங்கவில்லை. மாதிரியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறி பெல்ஜியம் போனார். அந்த வேட்டைத் துப்பாக்கிதான் ஆட்டோ-5. நமக்கும் அதனோடு ஒரு தொடர்பு உண்டு. 1948 முதல் 1960 வரை மலாயா அவசரகாலத்தில், நம் தாத்தா பாட்டிகள் முள்வேலிக்குள் இரவு ஊரடங்கோடு வாழ்ந்த அந்த நாட்களில், காட்டுக்குள் போன பிரிட்டிஷ் படையினர் கையில் இந்த ஆட்டோ-5 இருந்தது.

ஆறாயிரம் குண்டுகள்

அண்ணன் கேட்ட உறுதி என்ற சொல்லுக்கு வரலாற்றில் ஒரு தேதி சொல்ல வேண்டுமானால், அது 1911 மார்ச் மாதம். பிலிப்பீன்சில் மோரோ மக்களோடு நடந்த போரில், தங்கள் சிறிய சுழல் துப்பாக்கிகள் எதிரியை நிறுத்தவில்லை என்று அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். அதன் விளைவாக, 0.45 அங்குலக் குண்டு சுடும் புதிய கைத்துப்பாக்கி வேண்டும் என்று இராணுவம் தீர்மானித்தது. பல ஆண்டுச் சோதனைகளுக்குப் பின் இரண்டு துப்பாக்கிகள் எஞ்சின: பிரௌனிங் வடிவமைத்த கோல்ட், மற்றொன்று சாவேஜ்.

இறுதிச் சோதனையில் ஒவ்வொன்றும் இரண்டு நாளில் 6,000 குண்டுகள் சுட வேண்டும். நூறு குண்டுக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வு. ஆயிரத்துக்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடுதல். சூடு தாங்காதபோது தண்ணீரில் முக்கி எடுத்துத் தொடர்ந்து சுட்டார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. மார்ச் 29ஆம் நாள் அது இராணுவத்தின் துப்பாக்கியாக ஏற்கப்பட்டது. எம்1911 என்று பெயர் பெற்று, 1985இல் இத்தாலிய பெரெட்டா அதன் இடத்துக்கு வரும்வரை 74 ஆண்டுகள் அமெரிக்கப் படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

ஏன் தடுமாறவில்லை? இங்கேதான் ஒரு பொறியியல் மாணவனாக நான் வியந்து நின்றேன். குண்டு வெடிக்கும் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றையொன்று கவ்விப் பூட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னால் போகின்றன. அதற்குள் குண்டு வெளியேறி, உள்ளழுத்தம் தணிந்துவிடுகிறது. அதன் பிறகே குழலின் பின்பகுதி ஒரு சிறு இணைப்பால் கீழே இழுக்கப்பட்டுப் பூட்டு விடுகிறது. ஸ்லைடு தனியே பின்னால் ஓடி, காலிக் கூட்டை வெளியே தள்ளி, சுத்தியலை நிமிர்த்தி, சுருள்வில்லை அழுத்துகிறது. வில் அதைத் திருப்பித் தள்ளும்போது புதிய தோட்டா உள்ளே ஏறுகிறது. குழல் மேலே எழுந்து மீண்டும் பூட்டிக்கொள்கிறது. ஒரு வெடிப்பின் விசையே அத்தனை வேலைகளையும் முறை வைத்துச் செய்கிறது. அடி ஒரே இடத்தில் விழாமல், கனமான எஃகுக்கும் வில்லுக்கும் பகிர்ந்து போகிறது. தேய்வது மலிவான வில். காப்பாற்றப்படுவது விலையுயர்ந்த உடல். தூய்மை செய்யப் பிரிக்கும்போது தனிக் கருவிகூடத் தேவையில்லை.

சாய்ந்து பூட்டும் இந்தக் குழல் முறையைத்தான் 1975இல் வந்த செக்கோஸ்லோவாக்கியாவின் சிஇசட் 75, அதே ஆண்டின் சிக் பி220, 1982இல் ஆஸ்திரிய இராணுவம் ஏற்ற குளோக் 17 ஆகியவை தத்தம் வழியில் பின்பற்றுகின்றன. சட்டம் எஃகா பிளாஸ்டிக்கா என்பதுதான் மாறியது. உள்ளே ஓடும் தத்துவம் மாறவில்லை.

புகழும் நிழலும்

1914 தொடக்கத்தில் எஃப்.என். பத்து இலட்சம் பிரௌனிங் கைத்துப்பாக்கிகள் செய்து முடித்ததைக் கொண்டாடியது. பெல்ஜிய மன்னர் அவருக்கு விருது வழங்கினார். அந்தப் பெருமைக்கு ஆறு மாதம்கூட நிறையவில்லை. ஜூன் 28ஆம் நாள் சரயேவோவில் கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தது எஃப்.என். 1910, பிரௌனிங்கின் வடிவமைப்பு. முன்னரும் 1904இல் பின்லாந்தின் ரஷ்ய ஆளுநர் போப்ரிகோவ், 1909இல் ஹார்பினில் ஜப்பானியத் தலைவர் இட்டோ இருவரும் அவருடைய 1900ஆம் ஆண்டுத் துப்பாக்கியால் வீழ்ந்திருந்தனர். சரயேவோவின் குண்டுகளுக்குப் பின் மூண்ட போரில், ஆகஸ்டு மாதமே ஜெர்மானியப் படை லியேஜைப் பிடித்தது. அந்தத் துப்பாக்கி பிறந்த ஆலையே போரின் வாயில் விழுந்தது.

பிரின்சிப் செய்ததற்குப் பிரௌனிங் பொறுப்பாவாரா? அரிவாள் அடித்த கொல்லனைக் கொலைக்குப் பொறுப்பாக்க முடியுமா என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அரிவாளுக்கு நெல்லறுக்கும் வேலை உண்டு. கைத்துப்பாக்கிக்கு அப்படி வேறு வேலை இல்லை. இந்தக் கேள்விக்கு அவர் என்ன விடை வைத்திருந்தார் என்று தேடுவதைவிட, கேள்வியை நம்மோடு வைத்துக்கொள்வதே மேல் என்று எனக்குப் படுகிறது.

1917இல் அமெரிக்காவும் போரில் இறங்கியபோது, அவருடைய இயந்திரத் துப்பாக்கி சோதனைக்கு வந்தது. 20,000 குண்டுகள் சுட்டது. போதாது என்று மேலும் 20,000 சுட்டார்கள். அதுவும் தனியாகத் தயாரித்த அபூர்வத் துப்பாக்கியோ என்று ஐயுற்றவர்களுக்காக இரண்டாவது ஒன்று கொண்டுவரப்பட்டு, 48 நிமிடம் 12 விநாடி நிற்காமல் சுட்டது. அரசு அவருக்கு மொத்தமாக 7,50,000 டாலர் கொடுக்க முன்வந்தது. வழக்கமான உரிமத்தொகை கேட்டிருந்தால் அதைப்போலப் பல மடங்கு கிடைத்திருக்கும். அவர் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். அவர் மகன் வால் பிரௌனிங், பிரான்சுப் போர்க்களத்துக்கே சென்று வீரர்களுக்கு அந்தத் துப்பாக்கிகளைக் கையாளக் கற்றுக்கொடுத்தார்.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

இனி, என் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில், தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டு நிலை வேறு. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காவல்துறை உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். நமக்கு வீட்டுப் பாதுகாப்பு என்றால் இரும்புக் கம்பிக் கதவும் நாயும்தான். அண்ணன் வாழும் இடத்தின் நடைமுறையை இங்கிருந்துகொண்டு கேலி செய்வதில் பொருளில்லை என்பதால், கேட்டதற்கு நேர்மையாகவே விடை தேடினேன்.

இயந்திரத்தைப் பற்றி மட்டும் என்றால் விடை எளிது. வீட்டில் வைப்பதற்குச் சட்டைக்குள் மறைக்கும் சிறு துப்பாக்கி தேவையில்லை. முழு அளவு என்றால் எடை கூடுதல்; எடை கூடினால் பின்னுதைப்பு குறையும், கை நடுங்காது. பிரௌனிங்கின் பூட்டு முறை கொண்டதாக, இராணுவமோ காவல்துறையோ பல ஆண்டுகள் பயன்படுத்தியதாக, உதிரி வில்லும் மேகசினும் எளிதில் கிடைப்பதாக இருக்க வேண்டும். வில்லைச் சில ஆயிரம் குண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கீழே விழுந்தால் வெடிக்காத பாதுகாப்பு இருக்க வேண்டும். பழைய எம்1911இல் ஊசியைத் தடுக்கும் பூட்டு இல்லை; கோல்ட் அதை 1983இல் பரவலாகச் சேர்த்தது. எஃகு எத்தனை உறுதியானாலும் இந்த ஒன்றில் பழமையைவிடப் புதுமை மேல்.

இவ்வளவும் எழுதி அனுப்பிய பிறகு, அதே மின்னஞ்சலில் மேலும் சிலவற்றைச் சேர்த்தேன். 1993இல் கெல்லர்மன் என்ற மருத்துவரும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ 2.7 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அந்த ஆய்வின் முறையைக் குறைகூறுவோரும் உண்டு. ஆனால் 2020இல் வெளியான கலிபோர்னியா ஆய்வு 26 மில்லியன் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்தது. கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் அதனால் தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் வாய்ப்பு, வைத்திராதவரைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு. பெண்களுக்கு முப்பத்தைந்து மடங்கு. அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கு மேல் இத்தகையவையே. திருடனுக்காக வாங்கியது, பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் பக்கமே திரும்புகிறது.

அண்ணனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். துப்பாக்கியைக் குழந்தைக்கு எட்டும்படி விட்டுவைப்பது டெக்சஸ் சட்டத்திலேயே குற்றம். அவள் ஆறு வயதோடு நின்றுவிடப் போவதில்லை. ஒன்பது, பதின்மூன்று, பதினேழு என்று வளர்வாள். தேர்வில் தோற்ற ஒரு நாள் வரும். மனம் உடைந்த ஓர் இரவு வரும். நல்ல துப்பாக்கி அந்த இரவிலும் தடுமாறாது. ஆறாயிரம் குண்டுகளுக்குத் தடுமாறாதது, ஒரு குண்டுக்கா தடுமாறப் போகிறது? உறுதி என்று கடைக்காரர் பாராட்டும் குணத்தின் மறுபக்கம் இதுதான். வாங்கியவரின் பயம் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும், துப்பாக்கி தேயாது. ஆகவே எது வாங்குவது என்பதற்கு முன், யார் யார் இருக்கும் வீட்டில், எந்தப் பூட்டுக்குள், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை அண்ணியோடு உட்கார்ந்து பேசச் சொன்னேன்.

பேசினார்கள். வாசலுக்குப் புதிய பூட்டும் விளக்கும் போட்டார்கள். அண்ணன் துப்பாக்கிப் பயிற்சி வகுப்பில் சேர்ந்திருக்கிறார். சுவரில் பதிக்கும் எஃகுப் பெட்டி ஒன்றையும் வாங்கியிருக்கிறார். அந்தப் பெட்டி இப்போதைக்குக் காலியாகத்தான் இருக்கிறது.

எர்ஸ்டலில் ஒரு நவம்பர்

போருக்குப் பின்னும் பிரௌனிங் ஓயவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பலமுறை பெல்ஜியம் சென்று வந்தார். 1926 நவம்பர் 26ஆம் நாள், எர்ஸ்டல் ஆலையில், வேலை மேசையில் இருந்தபோது நெஞ்சு வலித்தது. மகன் வால் பிரௌனிங்கின் அலுவலக அறையில் உயிர் பிரிந்தது. வயது 71. அவர் பெயரில் 128 காப்புரிமைகள் இருந்தன. உடல் ஓக்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அந்த அதிகாரம் கூறும் தளராத உழைப்புக்கு எடுத்துக்காட்டாக, பதினைந்து வயதோடு பள்ளியை முடித்த இந்தக் கொல்லனைத் தாராளமாகச் சொல்லலாம்.

மேசையில் விட்டுச்சென்றவற்றில் ஒன்று, பதின்மூன்று தோட்டாக்கள் கொள்ளும் புதிய கைத்துப்பாக்கியின் வடிவமைப்பு. அவரோடு பணியாற்றிய தியூதொன்னே சேவ் அதை மேம்படுத்தி முடித்தார். 1935இல் ஹை பவர் என்ற புகழ்பெற்ற துப்பாக்கியாக அது வெளிவந்தது. 1940இல் ஜெர்மானியர் மீண்டும் எர்ஸ்டலைப் பிடித்தனர். அங்கே ஹை பவர் ஜெர்மானியப் படைக்காகத் தயாரானது. அதே நேரத்தில் கனடாவின் டொரொன்டோவில் இங்லிஸ் ஆலை, அதே துப்பாக்கியை நேச நாடுகளுக்காகத் தயாரித்தது. எதிரெதிரே நின்ற இரு படைகளின் கையிலும் இறந்துபோன ஒரே மனிதரின் உழைப்பு இருந்தது. இரு பக்கமும் அது ஒரே மாதிரி, தடுமாறாமல் சுட்டது.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் ஓரிரு ஆண்டில் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் பொருள்களைச் செய்யப் போகிறவர்கள். இதைவிட நன்றாகச் செய்ய வராதா என்று தந்தை கேட்ட கேள்வியைப் பிரௌனிங்கிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம். கூடவே, செய்ததை யார் கையில் கொடுக்கிறோம், நமக்குப் பின் எத்தனை காலம் அது உழைக்கும் என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்வோம். முதல் கேள்விக்கு அவர் வாழ்நாள் முழுவதும் விடை சொன்னார். இரண்டாவதற்கு விடை சொல்லும் பொறுப்பு, வாங்குபவருக்கும் செய்பவருக்கும் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக வந்து சேர்கிறது.